தெருவுக்கு ஒரே லாரி: குப்பை அள்ளும் தனி உரிமையும் குடியிருப்போர் அறிய வேண்டிய சட்டமும்

2018 செப்டம்பர் வரை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில் வீட்டுக் குப்பையை யாரிடம் கொடுப்பது என்பதை அந்தந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்தார். வீடுகளின் பின்பக்கம் ஓடும் குறுகிய சந்துகளில் திங்கட்கிழமை ஒரு நிறுவனத்தின் லாரி வரும். செவ்வாய்க்கிழமை இன்னொன்று, புதன்கிழமை மேலும் இரண்டு. நகரம் முழுக்க ஏறத்தாழ 15 நிறுவனங்கள் இப்படிக் குப்பை அள்ளின. ஒரே சந்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே அளவுத் தொட்டிக்கு வெவ்வேறு கட்டணம் கட்டின. பேரம் பேசத் தெரிந்தவருக்குக் குறைவு, தெரியாதவருக்குக் கூடுதல். குப்பை அதிகம் சேராத இரண்டு வீட்டார் ஒரு தொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டதும் உண்டு.

அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று எல்லாம் மாறியது. நான்கு குடியிருப்புகள் வரை உள்ள எல்லாக் கட்டடங்களுக்கும், அதாவது 70,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு, நகரமே ஒரே ஒப்பந்தத்தின்கீழ் ஏற்பாடு செய்தது. ஒரு சந்துக்கு ஒரு லாரி. தொட்டியின் அளவுக்கு ஏற்ற ஒரே விலை. சந்துகளில் இரைச்சல் குறைந்தது. ஆனால் பங்குத் தொட்டி வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு தொட்டிக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. குப்பையே சேர்ப்பதில்லை என்று பெருமையோடு வாழ்ந்தவர்களுக்கும் பில் வந்தது. ஊர் இரண்டுபட்டது. விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், வாக்குச்சாவடியில்தான் முடிந்தது.

அமெரிக்க நகரங்களில் வீடு வாங்கியோ கடை நடத்தியோ வாழும் தமிழருக்காக எழுதப்படுவது இந்த அத்தியாயம். ஊரில் குப்பை வண்டிக்கான செலவு பெரும்பாலும் வரியோடு வரியாகப் போய்விடும். இங்கே அதற்கென்று ஒரு பில் வருகிறது. அதன் தலைப்பில் பல நகரங்களில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கட்டணம் கட்டுப்படியாகவில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று நினைத்துத் தொலைபேசியை எடுத்தால், "உங்கள் நகரத்தில் எங்களுக்கு அனுமதி இல்லை" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒரு ஒப்பந்தமும் இருக்கின்றன. வேறு நிறுவனத்துக்குப் போகும் உரிமையை நகரம் குடியிருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு நான்கு பாதுகாப்புகளைத் தர வேண்டிய கடமை அதற்கு உண்டு: முன்னறிவிப்பு, விலைக் கட்டுப்பாடு, கால வரம்பு, முறையிட ஒரு இடம். இந்த நான்கில் ஒன்று குறைந்த இடத்தில்தான் ஊர்கள் கொதித்தன. இந்த அத்தியாயத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் அதைத்தான் காட்டுகின்றன.

தன் நகரம் எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நான்கு வகை ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வகையில் நகராட்சி ஊழியர்களே நகராட்சி லாரியில் வந்து அள்ளுகிறார்கள். நியூயார்க் நகரின் வீட்டுக் குப்பை இப்படித்தான் போகிறது. இரண்டாவது, திறந்த சந்தை: உரிமம் பெற்ற எந்த நிறுவனத்தையும் வீட்டுக்காரர் அமர்த்திக்கொள்ளலாம். பழைய செயின்ட் பால் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, முழுத் தனி உரிமை: நகரம் முழுவதற்கும் அல்லது ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே நிறுவனம். கலிபோர்னியாவின் பெரும்பாலான நகரங்களில் வீட்டுக் குப்பைக்கு இதுதான் வழக்கம். நான்காவது, பகுதித் தனி உரிமை: ஒரு மண்டலத்துக்கு இரண்டு மூன்று நிறுவனங்களை மட்டும் அனுமதித்து, அவற்றுக்குள் போட்டியை வைப்பது.

தன் நகரம் எந்த வகை என்று கண்டுபிடிக்க வழக்கறிஞர் தேவையில்லை. தொட்டியின் மூடியிலும் பக்கத்திலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பில்லின் கீழ்ப்பகுதியில் ஃபிராஞ்சைஸ் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் தனி உரிமை ஒப்பந்தம் இருக்கும். அந்த வரி இல்லாமலும் ஒப்பந்தம் இருக்கலாம். நகர எழுத்தர் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஏகபோகத்தைச் சட்டம் ஏன் அனுமதிக்கிறது?

போட்டியைக் கெடுப்பவர்களைத் தண்டிக்கும் சட்டங்கள் கொண்ட ஒரு நாட்டில், குப்பைக்கு மட்டும் ஏகபோகம் எப்படிச் செல்லும் என்று கேட்பது நியாயம்தான். விடை 1905-இல் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் குப்பையை எரித்து அழிக்கும் உரிமையை 50 ஆண்டுகளுக்கு ஒரே தரப்புக்குக் கொடுத்திருந்தது. குப்பையிலும் விலைபோகும் பொருள் இருக்கிறது, அதைப் பறிப்பது சொத்தைப் பறிப்பதாகும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. டெட்ராய்ட் நகரிலிருந்து, சமையலறைக் கழிவை அனுமதியின்றி அள்ளியதற்காகத் தண்டிக்கப்பட்டவரின் வழக்கும் அதே சமயம் வந்தது. இரண்டிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரங்களின் பக்கம் நின்றது. அழுகும் குப்பை நோய் பரப்பும். ஊர் நலனைக் காக்கும் அதிகாரத்தின்கீழ் அதை ஒரே கையில் ஒப்படைக்க நகரத்துக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

அன்று பேசப்பட்டது பொதுச் சுகாதாரம். இன்று அதோடு லாரிகளின் எண்ணிக்கை, சாலைத் தேய்மானம், புகை, மறுசுழற்சி இலக்கு ஆகியவையும் சேர்ந்துவிட்டன. அதிகாரத்தின் வேர் மட்டும் மாறவில்லை. எனவே "ஏகபோகமே சட்டவிரோதம்" என்று சொல்லி வழக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். எந்த நடைமுறையில் கொடுத்தார்கள், என்ன விலையில் கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்குத்தான் வழி கிடைக்கிறது.

கலிபோர்னியா: டெண்டர் கட்டாயமில்லை

கலிபோர்னியாவின் 1989-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மைச் சட்டம் நகரங்களுக்கு மிக விரிந்த அதிகாரம் கொடுக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் அள்ளுவது, எப்படி அள்ளுவது, என்ன கட்டணம் வாங்குவது என்பவற்றோடு, தனி உரிமை கொடுப்பதா வேண்டாமா என்பதையும் நகர மன்றமே முடிவு செய்யலாம். பொது வளங்கள் சட்டத் தொகுப்பின் 40059-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவு, போட்டி டெண்டர் விட்டும் கொடுக்கலாம், விடாமலும் கொடுக்கலாம் என்கிறது. சாலை போட டெண்டர் விடும் நகரம், அதைவிடப் பல மடங்கு தொகையுள்ள குப்பை ஒப்பந்தத்தைப் பழைய நிறுவனத்தோடு பேசியே நீட்டிக்க முடிவது இதனால்தான்.

வீட்டுக்காரரும் கடைக்காரரும் இங்கே மூன்று விதிகளை நினைவில் வைக்கலாம்.

முதல் விதி நிறுவனங்களைக் காப்பது. ஒரு நிறுவனம் அனுமதியோடு 3 ஆண்டுக்கு மேல் ஒரு நகரில் குப்பை அள்ளியிருந்து, நகரம் இனிமேல் வேறொருவருக்குத் தனி உரிமை கொடுக்கப்போகிறது என்றால், அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 5 ஆண்டு வரை பழைய நிறுவனம் தொழிலைத் தொடரலாம். புளோரிடா போன்ற மாநிலங்களிலும் இதே நோக்கமுள்ள முன்னறிவிப்புச் சட்டம் உண்டு. வீட்டுக்காரருக்கு இதிலிருந்து கிடைப்பது கால அவகாசம். நகரம் இத்தகைய அறிவிப்பை அனுப்பிவிட்டது என்று தெரிந்தால், ஒப்பந்த விதிகள் எழுதப்படுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன என்று அறியலாம்.

இரண்டாவது விதி, விற்பதற்கும் கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு. ராஞ்சோ மிராஜ் நகரத்தில் தனி உரிமை பெற்ற நிறுவனம், மறுசுழற்சிப் பொருள் சேகரித்த இன்னொரு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. 1994-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான கோடு போட்டது. உரிமையாளர் தன் அட்டையையும் உலோகத்தையும் காசுக்கு விற்றால் அது குப்பை இல்லை. தனி உரிமை அதைத் தடுக்காது. அதே அட்டையை எடுத்துச் செல்லச் சொல்லி அவர் பணம் கொடுத்தால் அது குப்பை. தனி உரிமை பெற்றவர்தான் எடுக்க வேண்டும். மளிகைக் கடையின் பின்வாசலில் கட்டுக்கட்டாக அட்டைப்பெட்டி சேர்க்கும் வணிகருக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. காசு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, கட்டண உயர்வுக்கு எதிரான எழுத்துமூல ஆட்சேபம். 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவின்படி, சொத்தோடு தொடர்புடைய கட்டணத்தை உயர்த்துமுன் நகரம் அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; 45 நாளாவது கழித்துத்தான் பொது விசாரணை நடத்தலாம்; பாதிக்கு மேற்பட்ட சொத்துக்காரர்கள் எழுத்தில் ஆட்சேபித்தால் உயர்வு நின்றுவிடும். பல நகரங்கள் குப்பைக் கட்டணத்துக்கும் இதைப் பின்பற்றுகின்றன. அந்த அறிவிப்பு விளம்பரத் தாள்களோடு கலந்து வரும். பிரிக்காமல் போடும் வீடுகள் ஏராளம்.

ஃபிராஞ்சைஸ் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. தனி உரிமைக்கு ஈடாக நிறுவனம் நகரத்துக்குக் கொடுக்கும் தொகை அது. கடைசியில் பில் கட்டுபவரின் தலையில்தான் வந்து விழுகிறது. ஓக்லாந்து நகரில் அடுக்குமாடி உரிமையாளர்கள், இந்தத் தொகை உரிமையின் மதிப்புக்குப் பொருந்தாதது, மறைமுக வரி என்று வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. வரி என்றால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு நகரங்கள் அந்தத் தொகைக்குக் கணக்குக் காட்டும் நிலையில் இருக்கின்றன.

2022 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் உணவுக் கழிவையும் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பதால், பழைய ஒப்பந்தங்கள் பல திருத்தி எழுதப்பட்டுள்ளன. சாம்பார் மிச்சமும் வாழைப்பழத் தோலும் இப்போது தோட்டக் கழிவோடு சேர்ந்து, பெரும்பாலான நகரங்களில் பச்சைத் தொட்டிக்குப் போகின்றன. ஒப்பந்தம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் கட்டணமும் காலமும் பேச்சுவார்த்தைக்கு வருகின்றன.

செயின்ட் பால்: 60 நாள் பேச்சு, ஒரு வாக்கெடுப்பு

மினசோட்டா சட்டம் வேறு பாதையில் போகிறது. திறந்த சந்தையிலிருந்து ஒழுங்கமைந்த சேகரிப்புக்கு மாற விரும்பும் நகரம், ஏற்கெனவே அங்கே உரிமம் பெற்று அள்ளிவரும் நிறுவனங்களோடு முதலில் பேச வேண்டும். 2013-இல் திருத்தப்பட்ட விதி இதற்கு 60 நாள் ஒதுக்குகிறது. இடையில் வெளியார் நுழைய முடியாது. உடன்பாடு எட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஒப்பந்தம் போடலாம்.

சிறு நிறுவனங்கள் ஒரே நாளில் அழிந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. செயின்ட் பால் நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, முன்பு எத்தனை வீடுகள் தங்களிடம் இருந்தனவோ அதே விகிதத்தில் நகரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நகரத்தோடு 5 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மேசையின் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் எல்லா நிறுவனங்களும் ஒன்றாக. போட்டியில்லாத இந்தப் பேச்சில் விலை எப்படி அமையும் என்பது அன்றே எழுப்பப்பட்ட கேள்வி. சிறியவர்களைக் காக்கும் நோக்கமும் முழுமையாக நிறைவேறவில்லை; அவர்களில் பலர் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு விலகினார்கள்.

எதிர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி, குப்பைச் சட்டத்தை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இனி வாக்கெடுப்பு கூடாது என்றது நகரம். மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில், வாக்கெடுப்பு நடத்தத்தான் வேண்டும் என்றது. ஆனால் ஒப்பந்தம் நகரத்தைக் கட்டுப்படுத்தியது. சட்டம் தோற்றால் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணம் சொத்து வரியில் வரும் என்று மேயர் எச்சரித்தார். 2019 நவம்பர் 5 அன்று வாக்களித்தவர்களில் சுமார் 63 சதவீதம் பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள்.

வாக்கெடுப்பு உரிமை இருந்தும், கையெழுத்துக்குப் பிறகு அது எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை இங்கே பார்க்கலாம். பங்குத் தொட்டி, குப்பை குறைப்பவருக்குச் சலுகை போன்ற கேள்விகளைப் பேசியிருக்க வேண்டிய காலம் 2017, ஒப்பந்த வரைவு எழுதப்பட்டபோது. 2019-இல் வாக்காளர் முன் இருந்தது ஆம், இல்லை என்ற இரண்டே வார்த்தைகள். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்தபின், 2025 ஏப்ரலில் நகரின் ஏறத்தாழ 90 சதவீத வீடுகள் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயின. மீதமுள்ள வீடுகளுக்கு நகராட்சி தன் சொந்த லாரிகளை இறக்கியது.

கடை வைத்திருப்பவருக்கு: இரண்டு பெருநகரங்கள், இரண்டு முறைகள்

லாஸ் ஏஞ்சலஸ் 2017 ஜூலையில் கடைகள், உணவகங்கள், அடுக்குமாடிகள் ஆகியவற்றின் குப்பையை முழுத் தனி உரிமைக்கு மாற்றியது. 11 மண்டலங்கள், 7 நிறுவனங்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரே நிறுவனம். மறுசுழற்சி கூடும், பழைய புகை லாரிகள் போய்விடும் என்பது நோக்கம். ஆனால் தொடங்கிய சில மாதங்களில் ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. வாரக்கணக்கில் அள்ளாத தொட்டிகள் ஒரு பக்கம். பில்லில் முளைத்த புதிய கட்டணங்கள் மறுபக்கம். பூட்டிய கேட்டைத் திறந்து உள்ளே வர ஒரு தொகை, தொட்டியைக் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் உருட்டி வர இன்னொரு தொகை. அடிப்படைக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. கூடுதல் கட்டணங்களுக்கும் அட்டவணை இருந்தது. அது ஒரு பழைய கட்டடத்தின் பில்லில் எப்படிக் கூடிவரும் என்பதை முன்கூட்டி யாரும் கடைக்காரருக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. பிறகு நகரம் நிறுவனங்களோடு மறுபடியும் பேசி விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது.

நியூயார்க் வேறு அனுபவத்திலிருந்து வந்தது. அங்கே கடைக் குப்பைத் தொழில் பல பத்தாண்டுகள் குற்றக் கும்பல்களின் பிடியில் இருந்தது. இந்தக் கடை இன்னாருடையது என்று நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டன. கடைக்காரர் மாற நினைத்தாலும் வேறு யாரும் வரமாட்டார்கள். 1995-இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் இந்தக் கூட்டணியின்மேல் குற்றம் சாட்டினார். 1996-இல் நகரம் தனி ஆணையம் அமைத்து, உரிமம் கொடுப்பதையும் உச்சவரம்புக் கட்டணம் நிர்ணயிப்பதையும் அதன் கையில் வைத்தது. சட்டம் கொடுக்காத ஏகபோகம் எவ்வளவு கொடியது என்பதை நியூயார்க் வணிகர்கள் பில் கட்டிப் பார்த்தவர்கள்.

கும்பல் ஒழிந்தபின் நேர்மாறான சிக்கல் வந்தது. 90-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே இரவில் ஒரே தெருக்களில் ஓடின. ஒரு லாரி நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கடை கடையாய்ப் போனது. ஓட்டுநர்கள் தூக்கமின்றி உழைத்தார்கள். விபத்துகளில் உயிர்கள் போயின. 2019 நவம்பரில் கையெழுத்தான உள்ளூர்ச் சட்டம் 199 நகரத்தை 20 மண்டலங்களாகப் பிரித்தது. ஒரு மண்டலத்தில் 3 நிறுவனங்கள் வரை அனுமதி. லாரிகள் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா பகுதிகள் அடங்கிய மத்திய குவீன்ஸ் மண்டலம் 2024 செப்டம்பரில் முதலில் தொடங்கி, 2025 ஜனவரித் தொடக்கத்தில் முழுமையடைந்தது.

ஜாக்சன் ஹைட்ஸில் இட்லி, தோசை விற்கும் ஒரு சிறிய உணவகத்தை நினைத்துக்கொள்ளலாம். முன்பு அதன் உரிமையாளருக்குப் பல நிறுவனங்கள் வலை வீசும். இப்போது மூன்றுதான். ஆனால் மூன்றும் நகரத்தோடு ஒப்பந்தம் போட்டவை, கட்டணத்துக்கு உச்சவரம்பு ஒப்புக்கொண்டவை. அந்த உச்சவரம்புக்குக் கீழே உரிமையாளர் இன்னும் பேரம் பேசலாம். மூன்றிடமும் எழுத்தில் விலை வாங்கி, எத்தனை நாள், எத்தனை பை, உணவுக் கழிவுக்குத் தனி விலையா என்று அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அரை நாள் வேலை. வாய்மொழியில் சொன்ன விலையை நம்பிக் கையெழுத்துப் போடுபவர் அந்த அரை நாளுக்குப் பல மாதங்கள் பணம் கட்டுவார்.

விலையைத் தீர்மானிப்பவர் யார்?

தனி உரிமை ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். சான் பிரான்சிஸ்கோவின் கதை அதற்குச் சான்று.

1932-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய குப்பைச் சட்டம் நகரத்தை 97 தடங்களாகப் பிரித்து அனுமதி கொடுத்தது. காலப்போக்கில் எல்லாத் தடங்களும் இப்போது ரீகாலஜி என்று அழைக்கப்படும் ஒரே நிறுவனத்திடம் சேர்ந்தன. காலவரம்பில்லை, டெண்டர் இல்லை. 2012 ஜூனில் டெண்டரைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு வந்தபோது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். மறுசுழற்சியில் நகரம் பெயர் வாங்கியிருந்தது. சேவையில் பெரும்பாலோருக்கு மனக்குறை இல்லை.

2020 ஜனவரியில் பொதுப்பணித் துறை இயக்குநர் ஊழல் வழக்கில் கைது செய்யப்பட்டார். கட்டண உயர்வுக்குப் பரிந்துரை செய்யும் பொறுப்பு அவர் பதவியிடம்தான் இருந்தது. தொடர்ந்த விசாரணையில், 2017-இல் நிர்ணயித்த கட்டணம் ஒரு கணக்குப் பிழையால் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது வெளிவந்தது. 2021 மார்ச்சில் நிறுவனம் சுமார் 9.45 கோடி டாலரை வாடிக்கையாளருக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் வாக்காளர்கள் விலை நிர்ணய முறையையே மாற்றினார்கள். பரிந்துரை இப்போது நகரக் கணக்குத் தலைவரின்கீழ் உள்ள தனி நிர்வாகியிடமிருந்து வருகிறது. கட்டணத்தை முடிவு செய்யும் வாரியத்தில் பில் கட்டுபவர்கள் சார்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அள்ளிய குப்பை எங்கே போக வேண்டும்?

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்ஸ்டவுன் ஊர், எல்லாக் குப்பையும் ஒரு குறிப்பிட்ட தனியார் பரிமாற்ற நிலையத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் போட்டது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுக்கிறது என்று அதை ரத்து செய்தது. 2007-இல் அதே மாநிலத்தின் ஒனைடா, ஹெர்கிமர் மாவட்டங்கள் பொது அமைப்பின் நிலையத்துக்கே குப்பை போக வேண்டும் என்று போட்ட விதியை அதே நீதிமன்றம் செல்லும் என்றது. சேருமிடம் பொதுச் சொத்தா, தனியார் சொத்தா என்பதே இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு. ஒப்பந்தத்தில் குப்பை எங்கே போய்ச் சேரும் என்ற பத்தியைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

ஒப்பந்தத்தைக் கையில் எடுக்கும்போது

ஒப்பந்தம் பொது ஆவணம். கலிபோர்னியாவில் பொது ஆவணச் சட்டத்தின்படி கேட்டால், 10 நாளுக்குள் தருவதா இல்லையா என்று நகரம் பதில் சொல்ல வேண்டும். பல நகரங்கள் இணையத்திலேயே போட்டிருக்கின்றன. நூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் எட்டுதான்.

1. காலம்: எப்போது முடிகிறது, எத்தனை முறை நீட்டிக்கலாம், நீட்டிப்பதை யார் முடிவு செய்வது? சில ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் தாமாகவே ஓராண்டு நீளும். எவர்கிரீன் என்று அழைக்கப்படும் இவற்றில், எப்போது பார்த்தாலும் அதே எண்ணிக்கை ஆண்டுகள் மீதமிருக்கும்.

2. விலை உயர்வு: எந்தக் குறியீட்டின்படி, ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம்? மாதம் 40 டாலர் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 10 ஆண்டில் 59 டாலராகும்.

3. ஃபிராஞ்சைஸ் கட்டணம்: எத்தனை சதவீதம், நகரின் எந்தக் கணக்குக்குப் போகிறது? 50 டாலர் பில்லில் 10 சதவீதம் என்றால் 5 டாலர். 20,000 வீடுள்ள நகரத்தில் அது ஆண்டுக்கு 12 லட்சம் டாலர்.

4. கூடுதல் கட்டணங்கள்: கேட், தூரம், மூடி மூடாத தொட்டி, தவறான தொட்டியில் போட்ட பொருள், பழைய சோபாவும் மெத்தையும். லாஸ் ஏஞ்சலஸின் பாடம் முழுக்க இந்த அட்டவணையில் இருக்கிறது.

5. தவறினால் தண்டம்: அள்ளாமல் விட்ட தொட்டியை எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வந்து எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நிறுவனம் நகரத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? தொகை எழுதப்படாத தண்டத்தை வசூலிப்பது கடினம்.

6. விலக்குகள்: தானே கிடங்குக்கு எடுத்துச் செல்ல அனுமதி உண்டா? வீடு பூட்டியிருக்கும் மாதங்களுக்கு நிறுத்திவைக்கலாமா? இரண்டு வீட்டார் ஒரு தொட்டியைப் பகிரலாமா? கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்விடும் குடும்பங்கள் இரண்டாவது கேள்வியை மறக்கக் கூடாது.

7. தொட்டியும் லாரி நிறுத்துமிடமும் யாருடையவை? நிறுவனத்தின் சொத்து என்றால், ஒப்பந்தம் முடியும்போது புதிதாகப் போட்டியிட வருபவருக்கு அது பெரிய தடை. நகரமே தொட்டிகளை வாங்கி வைத்திருந்தால் மாறுவது எளிது.

8. தொழிலாளர்: நிறுவனம் மாறினால், விடிவதற்கு முன்பே தெருவில் இறங்கி வேலை செய்பவர்களின் வேலைக்கும் ஊதியத்துக்கும் என்ன உறுதி? இதைக் கேட்க வேண்டிய கடமை அவர்கள் உழைப்பில் வாழும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.

எப்போது, எங்கே பேசுவது?

ஒப்பந்தம் 2029 ஜூன் 30 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய லாரிகளும் தொட்டிகளும் வாங்க நிறுவனத்துக்கு ஓராண்டாவது வேண்டும். ஆகவே 2028 நடுப்பகுதிக்குள் கையெழுத்தாகிவிடும். அதற்கு முன் டெண்டர் விடுவதா, பழைய நிறுவனத்தோடு பேசுவதா என்று நகர மன்றம் முடிவெடுக்கும் கூட்டம் 2027-இலேயே வந்துவிடலாம். குடியிருப்பவர் குறித்துவைக்க வேண்டிய ஆண்டு 2027. நகர எழுத்தர் அலுவலகத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்துவைத்தால் கூட்ட நிகழ்ச்சி நிரல் வந்துவிடும். குப்பை ஒப்பந்தம் சில நேரம் ஒரே குரலில் நிறைவேற்றும் பொருள்களின் பட்டியலில் நடுவே இருக்கும். அதைத் தனியாக எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் பொதுமக்கள் பேசப் பொதுவாக இரண்டு, மூன்று நிமிடம் கிடைக்கும். மொத்தக் குறைகளையும் அடுக்கினால் எதுவும் பதிவாகாது. கடந்த 12 மாத பில்களை எடுத்து, புரியாத ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டு நகலெடுத்துப் போவது நல்லது. மேசையில் அதைக் கொடுத்து, "இந்தத் தொகை வரைவு ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதன் உச்சவரம்பு என்ன?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். கொடுத்த தாள் கூட்ட ஆவணத்தோடு சேரும். பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்க் கடைக்காரரும் அதே வரியை அடிக்கோடிட்டுக் கொண்டுவந்திருந்தால், உறுப்பினர்களில் ஒருவராவது நிறுவனத்தின் பிரதிநிதியை மேடைக்கு அழைத்து விளக்கம் கேட்பார்.